82 சதவீதமும் ஒரு பழைய பீட்டும்

'கேட்டலிஸ்ட்' (தான் தீராமல் ஒரு வினையை நடத்திவைக்கும் வினையூக்கி) என்ற சொல் எனக்குத் தெரிவதற்கு முன்பே எங்கப்பாவுக்குத் தெரியும். மணலி ரிஃபைனரியில் ஷட்டவுன் வந்தால் கான்ட்ராக்ட் ஆளாகப் போவார். ரியாக்டருக்குள் கிடக்கும் பழைய கேட்டலிஸ்டை அள்ளி டிரம்மில் கொட்டும் வேலை. டீசலில் இருக்கும் கந்தகத்தைப் பிரிப்பதற்காக கோபால்ட்டும் மாலிப்டினமும் ஏற்றிய குட்டிக் குட்டி உருளைகள் அவை. அப்பாவுக்கு அந்த விவரமெல்லாம் தெரியாது. "கருப்பா மொளகு மாரி இருக்கும்பா. செத்துப்போச்சுன்னா மாத்திடுவாங்க" என்பார். நான் பிஎச்.டி.க்கு உலோக வினையூக்கிதான் எடுத்திருக்கிறேன் என்றதும், "அத அள்றதுக்கா இவ்ளோ படிச்ச?" என்று கேட்டார்.

நான் சொல்லப்போவது 2018-இல், பிஎச்.டி. மூன்றாம் வருடத்தில் நடந்தது. தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரி. டி.எச். ரோட்டில் மெட்ரோ வேலை நடந்துகொண்டிருந்த காலம். லேப் ஜன்னலைத் திறந்தால் தூசி, மூடினால் புழுக்கம். ஐஸ் மெஷின் கிடையாது. காசிமேட்டில் மீனுக்குப் போடும் பார் ஐஸை சாக்கில் சுற்றி வண்டியில் கொண்டுவந்து, சுத்தியலால் உடைத்து, கல்லுப்பைக் கலந்துதான் ஐஸ் பாத் வைப்போம். மைனஸ் 10 டிகிரி வரை தாராளமாக இறங்கும். லேபில் லேசாகக் கவிச்சி அடிக்கும். வெளியூர் ஸ்காலர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு அது வீட்டு வாசனை.

எடுத்துக்கொண்ட வேலை சுசுகி கப்ளிங். ஒரு பென்சீன் வளையத்தில் புரோமின் இருக்கும், இன்னொன்றில் போரான் இருக்கும். இரண்டையும் கழற்றிவிட்டு வளையத்தோடு வளையத்தைக் கார்பன் வழியாகவே பூட்டிவிடுகிற வினை. ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் அகிரா சுசுகியும் நோரியோ மியாவுராவும் 1979-இல் வெளியிட்டது. 2010-இல் ஹெக், நெகிஷி இருவரோடு சுசுகிக்கும் நோபல் கிடைத்தது. பிரஷர் மாத்திரையான லோசார்டான் தயாரிப்பில்கூட இந்த வினை உண்டு. பூட்டி வைக்கும் ஆசாரி பல்லேடியம் என்ற உலோகம். அதன் விலைதான் பிரச்சினை. அந்த வருடக் கடைசியில் தங்கத்தையே தாண்டிவிட்டது. எங்கள் கைடு மேடம் கேட்டது எளிமையான கேள்வி: இதையே இரும்பை வைத்துச் செய்ய முடியுமா?

ஏழு மாதம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு நாள் வந்தது. 4-புரோமோ அசிட்டோபீனோன், பீனைல் போரானிக் ஆசிட், பொட்டாசியம் கார்பனேட், எத்தனாலும் தண்ணீரும், 10 சதவீதம் ஃபெரிக் குளோரைடு என்ற இரும்பு உப்பு, 80 டிகிரி, இரவு முழுக்க. காலையில் டி.எல்.சி. (கலவையில் இருப்பவற்றைத் தனித்தனிப் புள்ளியாகப் பிரித்துக் காட்டும் தகடு) போட்டு புற ஊதா விளக்கில் பார்த்தால் பழைய புள்ளி கிட்டத்தட்ட காணவில்லை, சற்றுக் கீழே புதுப் புள்ளி கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது. சிலிகா நிரப்பிய கண்ணாடிக் குழாயில் (column) ஓட்டிப் பிரித்து எடை பார்த்தேன். யீல்டு, அதாவது கிடைக்கக்கூடிய அதிகபட்சத்தில் கைக்கு வந்தது, 82 சதவீதம். அன்று மேடம் காசில் எல்லோருக்கும் பிரியாணி.

மேடம் ஏமாறுகிற ஆள் இல்லை. "உன் ஃபெரிக் குளோரைடு எவ்வளவு சுத்தம்?" என்றுதான் முதலில் கேட்டார். இரும்பு செய்ததாகச் சொன்ன சில வினைகளை, அந்த உப்பில் ஒட்டிக்கொண்டிருந்த துளித் தாமிரம்தான் செய்தது என்று புக்வால்ட், போல்ம் என்ற வேதியியலாளர்கள் 2009-லேயே காட்டியிருக்கிறார்கள். அதனால் 99.99 சதவீத உப்பு வரவழைத்தோம். குட்டி பாட்டில், கொள்ளை விலை. யீல்டு 81. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இனி யார் என்ன கேட்க முடியும்? பேப்பர் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

ஜூலையில் ஜூனியர் ஒருத்தி சேர்ந்தாள். எண்ணூரிலிருந்து கும்மிடிப்பூண்டி லைன் ரயிலில் வருவாள். இதே வினையை வேறு வேறு புரோமைடுகளில் செய்து பட்டியலை நிரப்புவது அவள் வேலை. பழக்கத்துக்காக முதலில் என் வினையையே செய்யச் சொன்னேன். பூஜ்யம். மறுநாளும் பூஜ்யம். "அண்ணா, நீங்க எழுதிக் குடுத்த மாதிரியேதான் செஞ்சேன்" என்றாள். நான் நம்பவில்லை. ஆர்கன் சரியாக விடவில்லை, எடை போடத் தெரியவில்லை, கை சுத்தமில்லை என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். 11 முறை செய்ய வைத்தேன். 11 முறையும் நோட்டில் அதே பதில், அழகான கையெழுத்தில். ஒரு முறை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன், தப்பு எதுவும் கண்ணில் படவில்லை. அப்போதும் அவளைத்தான் சந்தேகப்பட்டேன்.

ஒரு சனிக்கிழமை அவள் கிளம்பிய பிறகு, என் பீட் எதுவும் கழுவி வைக்காததால் அவள் டிரேயிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டேன். பீட் என்றால் ஃபிளாஸ்குக்குள் சுற்றிக் கலக்குகிற, டெஃப்லான் உறை போட்ட காந்தக் கட்டை. அவளுடையது பாரிமுனையில் வாங்கிய புதுப் பாக்கெட். என்னுடையவை சீனியர் விட்டுப்போன டப்பாவில் இருந்தவை. அவர் ஐந்து வருடம் ஹெக் ரியாக்ஷன் செய்தவர், அதாவது ஐந்து வருடப் பல்லேடியம். திங்கட்கிழமை பார்த்தால் என் கையாலேயே பூஜ்யம்.

வயிற்றைக் கலக்கியது. நான்கு வயல் (vial, சின்னக் கண்ணாடிக் குப்பி) வைத்தேன். பழைய பீட்டும் இரும்பும்: 80. புதுப் பீட்டும் இரும்பும்: ஒன்றுமில்லை. புதுப் பீட், இரும்பு இல்லை: ஒன்றுமில்லை. பழைய பீட், இரும்பே போடவில்லை: 77.

அந்த 77-ஐ எழுதிவிட்டுப் பேனாவை மூடக்கூடத் தோன்றவில்லை. ஒரு வருடமாக இரும்பு அங்கே சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறது.

நகைக் கடைக்காரர்கள் கண்ணில் வைக்கிற லென்ஸ் ஒன்று வாங்கி பீட்டைப் பார்த்தேன். வெள்ளை டெஃப்லான் இரண்டு முனையிலும் சாம்பல் பூத்திருந்தது. ஃபிளாஸ்க் அடியில் உரசி உரசி நுண்ணிய கீறல்கள், கீறலுக்குள் கருப்பு. அசிட்டோனில் கழுவினால் அது எங்கே போகும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் எடுக்கும் புரோமைடு 100 மில்லிகிராம். பத்தாயிரம் மூலக்கூறுக்கு ஒரு பல்லேடியம் அணு போதும் என்றால், தேவை சுமார் 5 மைக்ரோகிராம். எங்கள் தராசில் அது தூசிக்குக்கூடச் சமமில்லை. ராஜ திராவகத்தில், அதாவது மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக்கும் ஒரு பங்கு நைட்ரிக்கும் கலந்து, பீட்டை ஊறப்போட்டேன். யீல்டு 34-க்கு இறங்கியது. மறுபடி ஊறப்போட்டதும் 9. ஊறிய திரவத்தை, துளியளவு உலோகத்தையும் கண்டுபிடிக்கிற ஐசிபி-எம்எஸ் சோதனைக்கு வெளியே அனுப்பினோம். பல்லேடியம் இருந்தது.

ஜூனியரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணா" என்றாள். ஆனால் அதற்குப் பிறகு பதினைந்து நாள் எங்களோடு டீக்கு வரவில்லை.

மேடம் நான்கு வயலின் கணக்கையும் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. "நல்லவேளை, அனுப்பலை" என்று மட்டும் சொன்னார். பிறகு பீரோவிலிருந்து இரண்டு பேப்பர் எடுத்துக் கொடுத்தார். 2003-இல் லெட்பீட்டர் குழு உலோகமே இல்லாமல் சுசுகி கப்ளிங் செய்ததாக வெளியிட்டது ஒன்று. 2005-இல் அவர்களே தேடிப் பார்த்து, கடையில் வாங்கிய சோடியம் கார்பனேட்டில் நூறு கோடியில் 50 பங்கு அளவுக்கு இருந்த பல்லேடியம்தான் காரணம் என்று ஒப்புக்கொண்டது மற்றொன்று. அன்று ராத்திரி இரண்டாவதை மூன்று தடவை படித்தேன். ஆறுதல் என்று சொல்ல முடியாது. துணை என்று சொல்லலாம்.

ஆய்வை மேற்பார்வை செய்யும் டி.சி. (டாக்டோரல் கமிட்டி) மீட்டிங்கில் ஒருவர், "தோத்ததையெல்லாம் தீசிஸ்ல ஏத்தாதீங்க" என்றார். மேடம் பிடிவாதமாகத் தனி அத்தியாயமாகவே போட வைத்தார். வேறு வேலை தொடங்கி முடிக்க ஒன்றரை வருடம் கூடுதலாக ஆனது. அதற்குள் ஃபெலோஷிப் நின்றுவிட்டது. கொருக்குப்பேட்டையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து ஓட்டினேன். ரயில்வே கேட்டில் நின்ற நேரத்தைக் கூட்டினால் இன்னொரு பிஎச்.டி. வாங்கியிருக்கலாம்.

வயிற்றெரிச்சல் 2019-இல் வந்தது. மாஸ்கோவில் அனனிகோவ் குழு, பயன்படுத்திய பீட்களை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்து, கீறல்களில் பல்லேடியம் உள்படப் பல உலோகங்கள் ஒளிந்திருப்பதைப் படத்தோடு வெளியிட்டது. நாம் முந்தியிருக்கலாமே என்று இரண்டு நாள் புலம்பினேன். உண்மையில் முந்தியிருக்க முடியாது. அவர்களிடம் இருந்தது மைக்ராஸ்கோப், என்னிடம் இருந்தது நகைக்கடை லென்ஸ்.

இந்த வழியில் வருகிறவர்களுக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்வேன். உலோகம் போடாத வயலை முதல் நாளே வையுங்கள், அதுவும் புதுப் பீட், புது வயலில். நானும் வைத்தேன் என்று பலர் சொல்வார்கள். நான்கூட வைத்திருந்தேன். ஆனால் ஏழு மாதம் முன்னால், ஒன்றுமே வராத காலத்தில், ஏதோ ஒரு பீட்டில். யீல்டு வந்த அன்றைக்கு மறுபடி வைக்கத் தோன்றவில்லை. பிரியாணி சாப்பிடப் போய்விட்டேன்.

வைவா, அதாவது பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு, 2021-இல் ஆன்லைனில் நடந்தது. வெளித் தேர்வாளர் மற்ற மூன்று அத்தியாயங்களையும் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, மிச்ச நேரம் முழுக்க இதையே கேட்டார். அந்தப் பீட்டைக் காட்டச் சொன்னார். கேமரா முன்னால் பிடித்தேன்.

"எத்தனை தடவை திராவகத்துல போட்டீங்க?"

"நாலு தடவை சார்."

லேப்டாப்புக்குப் பின்னால் நின்றிருந்த ஜூனியர் நோட்டைப் புரட்டிவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அஞ்சுண்ணா."