கும்டாவிலிருந்து கோகர்ணம் வரை கடலோரமாக நடக்க

கர்நாடகக் கடலோரக் கோகர்ணம் என்றாலே ஓம் பீச் என்று ஆகிவிட்டது. சனி, ஞாயிறில் அங்கே போனால் பாதி பெங்களூர் வந்து இறங்கியிருக்கும். அதற்குத் தெற்கே, அகநாசினி ஆற்றுக்கு அந்தப் பக்கம், கடலும் குன்றும் தென்னந்தோப்பும் இதே அழகுதான், கூட்டம்தான் கிடையாது. முதுகுப்பை மாட்டிக்கொண்டு கும்டாவில் இறங்கினால் வடக்கு நோக்கிக் கரையோரமாகவே கோகர்ணம் வரை நடந்துவிடலாம். கூடக்குறைய 25 கிலோமீட்டர். ஒரே நாளில் முடிக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் உண்டு, அது வீண் வீம்பு. அகநாசினி கிராமத்தில் ஓர் இரவு தங்கி இரண்டு நாளாக நடப்பதுதான் இந்தப் பாதைக்குச் சரி.

தெற்கிலிருந்து வடக்கே போகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மாறிப் போனால் முதல் நாளே குன்றுப் பாதையில் களைத்து, சாயங்காலம் கடைசிப் படகைப் பிடிக்க ஓட வேண்டியிருக்கும். இப்படிப் போனால் படகு மறுநாள் காலை வேலை. கடைசியில் போய்ச் சேரும் இடத்தில் அறை, சாப்பாடு, பஸ் எல்லாம் தயாராக இருக்கும்.

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். மார்ச் பிறந்ததும் பத்து மணி வெயிலிலேயே மணல் சுடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் பக்கமே யோசிக்க வேண்டாம். மழை கொட்டும், கடல் கொந்தளிக்கும், கரையில் ஓலைக் கடைகளைப் பிரித்து எடுத்து வைத்துவிடுவார்கள். மழைக்காலத்தில் கொங்கண் ரயில்களின் நேரமும் மாறிவிடும்.

சென்னையிலிருந்து மங்களூர் மெயிலில் போய், அங்கிருந்து கொங்கண் தடத்தில் கும்டாவுக்கு வண்டி மாறலாம். தமிழ்நாட்டிலிருந்து கொங்கண் வழியாக நேராகப் போகும் நெடுந்தூர வண்டிகளும் இருக்கின்றன. ஆனால் எல்லாமே கும்டாவில் நிற்பதில்லை, டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். கும்டா ஸ்டேஷனிலிருந்து கடற்கரைக்கு ஆட்டோ பிடித்துவிடுங்கள். ஊருக்குள் நடந்து காலை ஓய்த்துக்கொள்வதில் லாபம் இல்லை.

சுமை தண்ணீரையும் சேர்த்து எட்டுக் கிலோவைத் தாண்டக் கூடாது. மணலில் ஒவ்வொரு கிலோவும் இரண்டாகத் தெரியும். தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர், இதில் மட்டும் கஞ்சம் வேண்டாம். கரையோரக் கடைகள் திறந்திருக்கும் என்று நம்பிப் போக முடியாது, மதியம் பல கிராமங்களில் பெட்டிக்கடைகூடச் சாத்தியிருக்கும். உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் நான்கு, தொப்பி, தலையில் மாட்டும் விளக்கு, பத்து இருபது ரூபாய்ச் சில்லறை. குன்றுகளுக்கு இடையில் சிக்னல் போய்விடும். போனை மட்டும் நம்பினால் படகுக்காரருக்குக் காசு கொடுக்கக்கூட வழி இருக்காது. வரைபடத்தையும் முன்கூட்டியே இறக்கி வையுங்கள். ஒரு வேட்டி கட்டாயம். துண்டு, போர்வை, மணலில் விரிப்பு எல்லாவற்றுக்கும் அதுவே ஆகும், கோகர்ணத்தில் கோயிலுக்குள் போகவும் உதவும். கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். கண்ட இடத்தில் போட விடமாட்டார்கள், வீடுகளில் அறை கிடைக்கிற ஊரில் அது வெறும் பாரம்தான்.

முதல் நாள் நடையைக் கடல் வற்றும் நேரத்துக்குத் தக்கபடி வைத்துக்கொள்ளுங்கள். கார்வார் துறைமுகத்துக்கான நேரத்தைப் பார்த்தால் இங்கே சரியாக வரும். நாளைக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும், நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். முழுக்க வற்றும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் ஈர மணல் இறுகிக் கிடக்கும், மணிக்கு நான்கு கிலோமீட்டர் தாராளமாக நடக்கலாம். கடல் ஏறிவிட்டால் மேலே உலர்ந்த மணலில்தான் கால் வைக்க வேண்டும். வேகம் பாதியாகிவிடும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. கரை கடலை நோக்கிச் சரிந்திருக்கும். வடக்கே போகும்போது கடல் இடப்பக்கம், அதனால் இடது கால் எப்போதும் தாழ்வாகவே விழும். இரண்டு மணி நேரம் இப்படியே போனால் வலி இடுப்பில்தான் முதலில் தெரியும். அரை மணிக்கொரு தரம் சவுக்குத் தோப்போரமாகவோ ஊர்ச் சாலையிலோ ஏறிக் கொஞ்ச தூரம் சமதரையில் நடந்தால் போதும்.

வன்னள்ளி, கட்லே, பாடா, காகல் என்று ஊர்கள் வரிசையாக வரும். நடுநடுவே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முனைகளில்தான் ஆட்கள் தவறு செய்கிறார்கள். தண்ணீரை ஒட்டிச் சுற்றிப் போனால் பத்து நிமிடம் மிச்சம் என்று தோன்றும். பாறையில் பாசி, ஏறிவரும் கடல், முதுகில் சுமை மூன்றும் சேர்ந்தால் கால் வழுக்குவதற்கு வேறு காரணம் தேவையில்லை. மணல் முடிகிற இடத்திலிருந்து கொஞ்சம் பின்னால் வந்து தோப்புப் பக்கம் பாருங்கள், மேலே ஏறும் ஒற்றையடிப் பாதை பெரும்பாலும் அங்கே இருக்கும். தெரியவில்லையென்றால் ஊருக்குள் போய்க் கேட்பது மேல்.

காகலை ஒட்டிக் கிடக்கும் நீளமான மணல்வெளியைத்தான் நிர்வாணா பீச் என்கிறார்கள். நேர்கோடாகப் போகிறது, நிழல் என்றால் சவுக்குத் தோப்பு மட்டும்தான். இதை உச்சி வெயிலில் கடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அகநாசினியில் அறை எடுத்ததும் துறைக்குப் போய்க் காலையில் முதல் படகு எப்போது என்று கேட்டுவிடுங்கள். கன்னடத்தில் "தடதிகெ தோணி எஷ்டு கண்டெகெ?" (எதிர்க்கரைத் தடதிக்குப் படகு எத்தனை மணிக்கு?) என்றால் போதும். சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், நீங்கள் சொன்ன பிறகுதான் மீன் வாங்குவார்கள். சிவப்புப் புழுங்கலரிசிச் சோறு, மீன் குழம்பு, குடிக்கப் புளிப்பான கோகம் பழச் சாறு.

மாலை கழிமுகம் வற்றும் நேரத்தில் கரையில் நின்றால் இந்த ஊர் எதை வைத்துப் பிழைக்கிறது என்பது தெரிந்துவிடும். பெண்களும் ஆண்களும் இடுப்பளவு தண்ணீரில் நின்று காலால் சேற்றைத் துழாவி மட்டி எடுப்பார்கள். விரலில் தட்டுப்பட்டதும் குனிந்து ஒரு கை அள்ளுவார்கள், சேறு கரைய அலசுவார்கள், கூடைக்குள் போடுவார்கள். சிர்சிப் பக்கம் பிறந்து வரும் இந்த ஆற்றின் குறுக்கே அணை கிடையாது. நன்னீர் தடையில்லாமல் வந்து கடல்நீரோடு கலப்பதால்தான் மட்டியும் இறாலும் இங்கே இப்படி விளைகின்றன. உப்பேறிய வயல்களில் கக்கா என்றொரு நெல்லும் விளைகிறது, உப்பைத் தாங்கும் ரகம். 2024 ஜனவரியில் இந்தக் கழிமுகம் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நம்ம ஊர் கரைவெட்டியும் லாங்வுட் சோலையும் அதே அறிவிப்பில்தான் வந்தன.

காலையில் ஆற்றைக் கடந்தால் தடதி. மீன்பிடித் துறைமுகம், டீயும் பன்ஸும் கிடைக்கும். மங்களூர் பன்ஸ் என்பது வாழைப்பழம் பிசைந்து போட்ட இனிப்புப் பூரி. இரண்டு சாப்பிட்டால் மதியம் வரை தாங்கும். இங்கேயே தண்ணீரை நிரப்பிக்கொண்டு பெலேகான் போய், அங்கிருந்து குன்றேறி இறங்கினால் பாரடைஸ் பீச். அடுத்து ஹாஃப் மூன், ஓம், குட்லே, கடைசியில் கோகர்ணம் ஊர். ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை மணி நேரம் கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

தூரம் குறைவுதான், தரைதான் சிக்கல். குன்று முழுக்கச் செம்புறைக்கல். மேலே உதிர்ந்து கிடக்கும் சரளை, இறக்கத்தில் கோலிக்குண்டு மேல் கால் வைத்ததுபோல் உருளும். மணலுக்கு வார் வைத்த செருப்பு சரி, இங்கே பிடிப்புள்ள ஷூ மாட்டிக்கொள்ளுங்கள். ஹாஃப் மூனுக்கும் ஓமுக்கும் நடுவே பாதை ஓரிடத்தில் கடலைப் பார்த்த சரிவை ஒட்டிக் குறுகும். அங்கே செல்பி எடுக்க நிற்காதீர்கள். இருட்டில் இந்தப் பகுதியே வேண்டாம். பாரடைஸில் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்பது கேட்க நன்றாக இருக்கும். நடுவழியில் விளக்கின் சார்ஜ் தீரும்போது தெரியும். நேரமாகிவிட்டால் பாரடைஸிலிருந்து ஓமுக்குப் படகு இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஏறும் முன்பே ஆளுக்கு எவ்வளவு என்று பேசி, லைஃப் ஜாக்கெட் வாங்கிப் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

இந்தக் கடலில் வருஷா வருஷம் ஆட்கள் மூழ்குகிறார்கள். இருபுறமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாக, கொஞ்சம் கலங்கலாக இருந்தால் குளிக்க நல்ல இடம் என்றுதான் தோன்றும். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் கடலுக்குத் திரும்பும் வழி அதுதான். அதில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள், நீச்சல் வீரனும் தோற்பான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்த பிறகு கரைக்குத் திரும்புங்கள். ஆளில்லாத கும்டாப் பக்கக் கரைகளில் முழங்காலுக்கு மேல் இறங்கவே வேண்டாம், கூப்பிட்டால் வர அங்கே யாரும் இல்லை.

கோகர்ணம் ஊருக்குள் மகாபலேசுவரர் கோயில். சம்பந்தரும் அப்பரும் பாடிய துளுவ நாட்டுத் தலம், தேவாரத்தில் திருக்கோகர்ணம் என்று வருவது இதுதான். ஆண்கள் சட்டையைக் கழற்றி வேட்டியோடு போக வேண்டும், அரைக்கால் டவுசருக்கு அனுமதி கிடையாது. மதியம் நடை சாத்துவார்கள். பையை அறையில் வைத்துவிட்டு மாலையில் போவது சௌகரியம்.

திரும்பும்போது கோகர்ணா ரோடு ஸ்டேஷன் ஊருக்குள் இல்லை, பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. போகிற வழியில் சாணிகட்டா உப்பளங்கள் வரும். ராத்திரி வண்டி என்றால் ஆட்டோவைப் பகலிலேயே பேசி வையுங்கள், இரவில் கேட்கிற காசுதான். ஸ்டேஷனில் சாப்பாட்டை நம்ப முடியாது, பொட்டலம் கட்டிக்கொண்டு போங்கள்.