கோபர்க் போகிறீர்களா? மரீ டிரெஸ்லரின் ஒரு படமாவது பார்த்துவிட்டுப் போங்கள்

கனடாவின் ஒன்ராறியோ ஏரிக்கரையில் இருக்கும் சிற்றூரான கோபர்க் என்றால் ரொறன்ரோவில் எல்லோருக்கும் ஏரிக்கரை மணல்தான். கோடை சனி, ஞாயிறில் அந்த மணலில் கால் வைக்க இடமிருக்காது, பார்க்கிங் காசு வேறு. கொஞ்சத் தூரம் தள்ளி, மேற்கு கிங் தெருவில் 212ஆம் இலக்க வீட்டை அநேகமானோர் திரும்பியும் பார்ப்பதில்லை. ஒஸ்கார் வாங்கிய நடிகை மரீ டிரெஸ்லர் 1868இல் பிறந்த வீடு என்று ஊர் கொண்டாடும் வீடு அது. போய் வந்த சூட்டோடு எழுதுவதால் கொஞ்சம் உரக்கவே சொல்கிறேன்: அந்த மணலைவிட இந்த வீடு மேல்.

முதலில் காசுக் கணக்கு. கோபர்க் போகும் வியா (VIA) ரெயின் ரிக்கற்றை முன்கூட்டியே எடுத்தால்தான் மலிவு. கடைசி நேரத்தில் இரண்டு ரிக்கற் எடுக்கிற காசுக்குப் பெற்றோல் அடித்து வீட்டில் எல்லோரும் காரில் போய் வந்துவிடலாம். ஸ்காபரோ ஆட்களுக்குக் கில்ட்வூட் நிலையம் கிட்ட. ஆனால் சில வண்டிகள் அங்கே நிற்பதில்லை, சில கோபர்க்கில் நிற்பதில்லை. இரண்டிலும் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கட்டுங்கள். புறநகர்ச் சேவையான கோ ரெயின் ஒஷாவாவோடு சரி, அதற்குக் காசு கட்டும் பிரெஸ்டோ காட்டை நம்பி வெளிக்கிட வேண்டாம். தண்டவாளம் சரக்கு ரெயில் கம்பனியுடையது. நீளமான சரக்கு வண்டி ஒன்று முன்னால் போனால் பயணிகள் வண்டிதான் காத்துக் கிடக்கும். அன்று மாலை வேறு அலுவல் வைத்துக்கொள்ளாதீர்கள்.

காரில் என்றால் 401 நெடுஞ்சாலையில் கிழக்கே நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். 472 அல்லது 474ஆம் வெளிவாசல். நெரிசலைக் கண்டு ஜிபிஎஸ் 407 நெடுஞ்சாலைக்குத் திருப்பினால் அவதானம்: அதன் மேற்குத் துண்டுக்குக் கட்டணம் உண்டு, பில் ஆறுதலாக வீட்டுக்கு வரும்.

இனிப் படம். 1914இல் மக் செனற் எடுத்த ‘டில்லீஸ் பங்சர்ட் ரொமான்ஸ்’. சார்ளி சப்ளின் படம் என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பது எனக்கு எரிச்சல். அதில் கதாநாயகி மரீ. சப்ளின் அவளுடைய காசுக்கு அலைகிற நகரத்து எத்தன், அவ்வளவுதான். நான்கு வருடத்துக்கு முன் மரீ மேடையில் வெற்றியாக ஆடிய டில்லி பாத்திரத்தைத்தான் படமாக்கினார்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஆனால் வெட்டிக் கொத்திய பிரதிகளே அதிகம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஆறு ரீல் படம் அது. ஒரு மணி நேரத்தோடு முடிகிற பிரதியை விட்டுவிட்டு, கிடைப்பதில் நீளமானதை எடுங்கள். ஆட்கள் எறும்புபோல் ஓடித் திரிந்தால் வேகம் பிழை. கையால் சுற்றிய கமெராவில் நொடிக்கு 24க்கும் குறைவான படச்சட்டங்களே பதிவாகும். அதை அப்படியே 24இல் ஓட்டினால் நடிப்பெல்லாம் துள்ளலாகிவிடும். பிளேயரில் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

தொடக்கத்தில் நாயோடு விளையாடுகிறேன் என்று டில்லி செங்கல்லைத் தூக்கி எறிகிறாள், அது சப்ளினில் விழுகிறது. எறிவதற்கு முன் அவளுடைய தோளையும் இடுப்பையும் கவனியுங்கள். கடைசி வரிசையில் காசு குறைந்த இருக்கையில் இருப்பவனுக்கும் விளங்க வேண்டும் என்று மேடையில் பழகிய உடம்பு அது. கமெராவுக்கு அது கொஞ்சம் கூடத்தான், மறுக்கவில்லை. 1928இல் வந்த ‘த பற்சி’யில் அதே ஆள் மூத்த மகளுக்கே செல்லம் கொடுக்கும் தாயாக வருகிறாள். அதுவும் மௌனப்படம்தான்; ஆனால் இப்போது கண்ணும் வாயோரமும் போதும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் மேடை நடிகை கமெராவைப் பழகிய விதம் புரியும்.

இரண்டுக்கும் இடையில் வாழ்க்கை கவிழ்ந்து கிடந்தது. 1919 நடிகர் வேலைநிறுத்தத்தில் மேடையில் கூட்டமாக ஆடிப் பாடும் கோரஸ் பெண்களின் சங்கத்துக்கு முதல் தலைவியாக நின்றார். தயாரிப்பாளர்கள் அதை மறக்கவில்லை, வாய்ப்பு வற்றியது. 1927இல் திரைக்கதை எழுத்தாளர் பிரான்சிஸ் மரியன்தான் ‘த கலஹான்ஸ் அண்ட் த மேர்பீஸ்’ படத்தின் மூலம் திரும்ப உள்ளே இழுத்தார். அந்தப் படத்தை ஐரிஷ் அமெரிக்கர்களின் எதிர்ப்பால் ஸ்ரூடியோ திரும்பப் பெற்றுக்கொண்டது. அப்படியும் விடவில்லை. ‘மின் அண்ட் பில்’ படத்துக்காக 1931 நவம்பர் 10ஆம் திகதி ஒஸ்கார். முதல் நாள்தான் 63 வயது நிரம்பியிருந்தது. 1932, 1933 இரண்டு வருடமும் வசூலில் முதலிடம் இளம் அழகிகளுக்கு அல்ல, இந்தப் பெரிய உடம்புக்காரிக்கு. 1934இல் காலமானார்.

வீட்டுக்கு வருவோம். நிலையத்திலிருந்து டிவிஷன் தெருவில் தெற்கே நடந்து, கிங் தெருவில் வலப்பக்கம் திரும்புங்கள். அரை மணிக்குள் நடை. டாக்சி வீண் செலவு. 1937 முதல் உணவகமாக இருந்து, 1989இல் தீப்பிடித்துச் சேதமான கட்டடம் என்பதால் அவர் வாழ்ந்த காலத்து அறைகளை அப்படியே எதிர்பார்க்காதீர்கள். இப்போது அவரைப் பற்றிய சிறு அருங்காட்சியகம். கனடியத் திரைப்பெண்களுக்கும் இடம் இருக்கிறது. திறக்கும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், வெளிக்கிடுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். மூடிய கதவைப் பார்க்க ரெயின் காசு கொடுப்பதைப் போல் கடுப்பு வேறில்லை.

வழியில் 1860இல் திறந்த நகர மண்டபமான விக்டோரியா ஹோல் வரும். நேரமில்லாவிட்டால் வெளியிலிருந்து பார்த்தால் போதும். காரை மட்டும் ஏரிக்கரைப் பக்கம் விடாதீர்கள். வடக்கே சில தெரு தள்ளி இடம் தேடி, பலகையில் நேரக் கட்டுப்பாட்டை வாசித்துவிட்டு நிறுத்துங்கள்.