மட்டாஞ்சேரியில் ஒரு பகல்விளக்கு

கொச்சி மட்டாஞ்சேரியில் இருக்கும் யூதர்களின் பரதேசி ஜெபாலயத்துக்கு முதலில் போனது ஒரு சனிக்கிழமை. பரதேசி என்றால் இங்கே வெளிதேசத்திலிருந்து வந்தவர் என்று அர்த்தம். அவர்களுக்கு அது ஓய்வு நாள், பூட்டியிருந்தது. மனசு கேட்கவில்லை, ஒரு நாள் கூடத் தங்கி ஞாயிறு காலை திரும்பப் போனேன். 1568-இல் கட்டியது. கொச்சி ராஜாவின் அரண்மனைக் கோயிலுக்கும் இதற்கும் நடுவில் ஒரு சுவர்தான். இங்கேயும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும்.

வருகிறவர்கள் எல்லோரும் முதலில் தரையைப் பார்க்கிறார்கள். சீனாவிலிருந்து 18-ஆம் நூற்றாண்டில் வந்த, கையால் வரைந்த நீல வெள்ளை ஓடுகள், அழகுதான். ஆனால் என்னை நிறுத்தியது கூடத்தின் நடுவில் இருக்கும் தேபா, அதாவது தோரா என்ற யூத வேதத்தை வாசிக்கிற மேடை. அதைச் சுற்றிப் பித்தளைத் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. உருளை, கழுத்து, குமிழ் என்று ஒவ்வொன்றும் நம் வீட்டுக் குத்துவிளக்கின் தண்டு மாதிரியே கடைந்திருக்கிறது, புளி போட்டுத் தேய்த்த பளபளப்பு வேறு. பாட்டி வெள்ளிக்கிழமை விளக்கு துலக்குவது ஞாபகம் வந்து, அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

எதிரே தோரா சுருள்கள் இருக்கும் பேழை, கதவு சாத்தியிருந்தது. கேரள யூதர்கள் சுருளை வெள்ளித் தகடு போர்த்திய மரக்கூட்டுக்குள் நிமிர்த்தி வைத்து, அதன் மேல் கிரீடம் வைப்பார்கள். கூடவே ரிமோனிம் என்ற குமிழ்கள், எபிரேயத்தில் அந்தச் சொல்லுக்கு மாதுளம்பழங்கள் என்று அர்த்தம். ஒரு தங்கக் கிரீடம் திருவிதாங்கூர் மகாராஜா கொடுத்தது என்கிறார்கள். உற்சவருக்குக் கவசமும் கிரீடமும் சாத்திப் பார்த்தே வளர்ந்தவன் நான். இங்கே உருவம் கிடையாது, இத்தனை அலங்காரமும் எழுத்துக்கு. அது புரிந்தபோது என்னையறியாமல் கை குவிந்தது.

இந்த ஜெபாலயத்தின் பாதுகாப்பில் இன்னொரு உலோகமும் உண்டு, சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் சுமார் கி.பி. 1000-இல் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குக் கொடுத்த செப்பேடு. நம் பழைய கல்வெட்டுகளில் வருகிற அதே வட்டெழுத்தில் வெட்டியது. ரப்பான் பெயர் அதில் 'இஸ்ஸூப்பு இறப்பான்' என்றிருக்கிறது. அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவும் எழுபத்திரண்டு உரிமைகளும், உலகமும் நிலாவும் உள்ளவரை, அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். குடை, பாவாடை (நடக்கும் வழியில் விரிக்கிற துணி), பகல்விளக்கு (மரியாதைக்காகப் பகலில் ஏற்றுகிற விளக்கு) என்று அந்த உரிமைகளைப் படிக்கும்போது சொல் ஒவ்வொன்றும் நம்முடையதாகவே இருக்கிறது. ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு இப்படி மரியாதை செய்த மண் இது என்று நினைக்கவே நெஞ்சு நிறைந்தது.

இஸ்ரேல் உருவானதும் பெரும்பாலானோர் அங்கே போய்விட்டார்கள். முழு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் சேர வேண்டும், அதற்கு இப்போது உள்ளூரில் ஆள் இல்லை, வெளியூரிலிருந்து யாராவது வந்தால்தான். ஆனாலும் அந்தப் பித்தளையை யாரோ துலக்கிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

கிளம்பும்முன் இன்னொரு தடவை பேழைப் பக்கம் போய் நின்றேன். அதற்கு முன்னால் அணையா விளக்கு தொங்குகிறது. ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வந்துகொண்டிருந்தது. பகல்விளக்கு என்று வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.