புரொப்பெல்லர் உந்துவிசையை அளக்கும் புராஜெக்ட்: பந்திங் தம்பி தங்கைகளுக்கு

இறுதியாண்டு புராஜெக்டுக்குச் சிறிய விமானத்தின் புரொப்பெல்லர் உந்துவிசையை எடுக்கலாமா என்று யோசிப்பவர்கள் தயங்காமல் எடுங்கள். சிலாங்கூர் மாநிலத்துப் பந்திங் பக்கம் விமானப் பராமரிப்பு படிக்கும் நம் பிள்ளைகளில் செம்பனைத் தோட்டத்து வீடுகளிலிருந்து பைக்கில் வகுப்புக்குப் போகிறவர்கள் உண்டு. காற்றை ஓடவிட்டுச் சோதிக்கும் காற்றுச்சுரங்கத்துக்கு எங்கே போவது என்ற கவலை எனக்கும் இருந்தது. இந்தத் தலைப்புக்கு அது தேவையில்லை. ஒரு தராசு போதும். ஆனால் அந்தத் தராசு காட்டும் எண் ஏன் சரி என்று உங்களால் நிரூபிக்க முடிய வேண்டும். மதிப்பெண் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

மேசையில் நாம் அளப்பது நிலை உந்துவிசை, அதாவது விமானம் நகராமல் நிற்கும்போது கிடைக்கும் இழுவை. வேகம் ஏற ஏற, அதே சுழற்சியில் பிளேடு காற்றைச் சந்திக்கும் கோணம் குறைந்து, உந்துவிசையும் இறங்கிக்கொண்டே போகும். வாய்மொழித் தேர்வில் என்னிடம் முதலில் கேட்டது இதைத்தான்: நிற்கும்போது புரொப்பெல்லரின் செயல்திறன் எவ்வளவு? சுழியம். பயன்படும் திறன் என்பது உந்துவிசையை விமானத்தின் வேகத்தால் பெருக்கி வருவது. வேகமே இல்லாதபோது உந்துவிசை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் விடை சுழியம்தான். இதைப் புரிந்துகொண்டு சொன்னால் தேர்வாளரின் முகமே மாறும்.

அமைப்பு எளிது. 'எல்' வடிவச் சட்டம் ஒன்று, மூலையில் பேரிங். நிற்கும் கையின் உச்சியில் மோட்டார், படுத்த கையின் நுனி தராசின் மேல். இரு கைகளும் ஒரே நீளமென்றால் தராசு காட்டுவதே உந்துவிசை. நிற்கும் கை இரு மடங்கு நீளமென்றால் தராசும் இரு மடங்கு காட்டும். சமையலறை டிஜிட்டல் தராசு போதும். விசையை மின்சமிக்ஞையாக மாற்றும் லோட் செல்லோடு, அந்தச் சமிக்ஞையை எண்ணாக்கும் எச்எக்ஸ்711 பலகையும், அதைப் படிக்கும் ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையும் இருந்தால் அளவீடுகளைத் தொடர்ந்து பதிவு செய்யலாம்.

அளவு திருத்தத்தில் அவசரப்படாதீர்கள். தராசின் மேல் எடைக்கல்லை வைத்துப் பார்ப்பது பாதி வேலைதான், ஏனென்றால் அது சட்டத்தைச் சோதிப்பதில்லை. மோட்டார் இருக்கும் இடத்தில் நூலைக் கட்டி, நன்றாகச் சுழலும் ஒரு கப்பி வழியாகத் தெரிந்த எடையைத் தொங்கவிடுங்கள். 100 கிராம், 200, 300 என்று ஏற்றுங்கள். பிறகு அதே வரிசையில் இறக்குங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே எடைக்கு வேறு எண் வந்தால் பேரிங்கிலோ கப்பியிலோ உராய்வு இருக்கிறது. அந்த இரண்டு கோடுகளையும் ஒரே வரைபடத்தில் போட்டு அறிக்கையில் வையுங்கள். என் கணிப்பில், புத்தகத்திலிருந்து எழுதும் பத்துப் பக்கக் கோட்பாட்டைவிட அந்த ஒரு வரைபடத்துக்கு மதிப்பு அதிகம்.

சூத்திரம் இது: உந்துவிசை = கெழு × காற்றின் அடர்த்தி × சுழற்சி வேகத்தின் வர்க்கம் × விட்டத்தின் நான்காம் படி. கெழு என்பது அந்தப் புரொப்பெல்லரின் வடிவத்தைப் பொறுத்த ஓர் எண். சுழற்சியை வினாடிக்கு எத்தனை சுற்று என்றுதான் போட வேண்டும். சுழற்சியில் 1 விழுக்காடு பிழை வந்தால் விடையில் 2 விழுக்காடு, விட்டத்தில் வந்தால் 4 விழுக்காடு. ஆகவே உறையில் அச்சடித்த 10 அங்குலத்தை நம்பாமல் அளந்து பாருங்கள். 10 அங்குல விட்டம், நிமிடத்துக்கு 6000 சுற்று, கெழு 0.1 என்று வைத்தால் ஏறக்குறைய 4.8 நியூட்டன் வரும், அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. உங்கள் எண் இதன் அருகே இல்லையென்றால் அலகுகளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அடர்த்திக்குக் கன மீட்டருக்கு 1.225 கிலோகிராம் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடாதீர்கள். அது கடல்மட்டத்தில் 15 பாகை செல்சியஸுக்கு. நம் ஊர் மதியம் 32 பாகையில் உலர் காற்றுக்கே 1.157 தான், ஈரப்பதம் இன்னும் கொஞ்சம் குறைக்கும். ஐந்து விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் அங்கேயே வந்துவிடுகிறது.

ஒளியால் சுழற்சியை எண்ணும் டேக்கோமீட்டரில் இரண்டு பிளேடு என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். பழைய சோக் வைத்த டியூப் லைட்டை நோக்கிக் காட்டினால் 3000 என்று வர வேண்டும்: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு 100 முறை மினுக்கும். செலவில்லாத சோதனை. அதே காரணத்தால் அந்த விளக்கின் கீழ் புரொப்பெல்லரை அளக்கக் கூடாது.

மூடிய அறையில் ஓட்டினால் தள்ளிய காற்று சுற்றி வந்து மீண்டும் பிளேடுக்குள் புகுந்து அளவைக் கெடுக்கும். தோட்டத்து பாலாய்ராயா போல பக்கங்கள் திறந்த கூடம் நல்லது, காற்றடிக்காத காலை நேரம் இன்னும் நல்லது. பிளேடு சுழலும் தளத்தின் நேரே, அதாவது புரொப்பெல்லரின் பக்கவாட்டில், யாரும் நிற்கக் கூடாது, முக்கியமாக வேடிக்கை பார்க்க வரும் சின்னப் பிள்ளைகள். பிளேடு உடைந்தால் அந்தத் திசையில்தான் பறக்கும்.

உண்மையான விமானத்தில் எப்படி அளப்பீர்கள் என்றும் கேட்பார்கள். தரையில் என்றால், வாலைக் கம்பத்தில் கட்டி, இடையில் லோட் செல்லை வைக்கலாம். பறக்கும்போது அளப்பது கடினம். அதற்கு ஓர் அருமையான வழி இருக்கிறது. புரொப்பெல்லரைச் சுழற்றும் எஞ்சின் தண்டான கிராங்க்ஷாஃப்டுக்கு முன்னும் பின்னும் நகர மிகச் சிறிய இடைவெளி உண்டு. புரொப்பெல்லர் இழுத்தால் அது முன்னே வரும், காற்று புரொப்பெல்லரைத் தள்ளினால் பின்னே போகும். இரண்டுக்கும் இடையே மிதக்கும் கணத்தை உணர்கருவியால் பிடித்து, உந்துவிசை சுழியமாக இருக்கும்படி எஞ்சினை வைத்து, சீரான வேகத்தில் சறுக்கி இறங்குவார்கள். எடையை இறங்கும் வேகத்தால் பெருக்கி, பறக்கும் வேகத்தால் வகுத்தால் காற்றுத்தடை கிடைக்கும். அதே எடையில், அதே உயரத்தில், அதே வேகத்தில் மட்டமாகப் பறக்கும்போது புரொப்பெல்லர் கொடுக்கும் உந்துவிசை ஏறக்குறைய அந்தத் தடைக்குச் சமம்.