டச் புரோப்பும் ரிங் கேஜும்: மில்லிங் மெஷினில் செய்து பார்த்த குறிப்புகள்

ஸ்பிண்டிலில் (மெஷினின் சுழலும் தண்டில்) மாட்டி, ஜாப்பை (வேலைப்பொருளை) தொட்டு அளக்கும் டச் புரோப் தருவது ஒரேயொரு சிக்னல்தான். தொட்ட கணத்தில் எக்ஸ், ஒய், இசட் எங்கே இருந்தன என்று சொல்வது மெஷின். ஆகவே மெஷினின் கோளாறெல்லாம் அளவிலும் வந்து சேரும். காலிபிரேஷனுக்கு (தெரிந்த அளவை வைத்து புரோப்பைச் சரிபார்ப்பதற்கு) இவ்வளவு மெனக்கெடுவது அதனால்தான்.

முதல் வேலை ஸ்டைலஸ் ரன்-அவுட், அதாவது புரோப்பின் தொடும் ஊசி சுற்றும்போது நடு அச்சிலிருந்து விலகி ஆடும் அளவு. ஊசி முனையிலுள்ள ரூபி குண்டின் அகன்ற இடத்தில் லீவர் டயலை (நுண்ணிய அசைவைக் காட்டும் முள் கருவியை) மெல்லத் தொட வைத்து ஸ்பிண்டிலைக் கையால் சுற்றவும். அழுத்தி வைத்தால் டயல் பொய் சொல்லும். வழக்கமான புரோப்பின் உள்ளே மூன்று சிறு உருளைகள் ஜோடி ஜோடியான குண்டுகளின் மேல் ஸ்பிரிங் பலத்தில் மட்டுமே உட்கார்ந்திருக்கின்றன, கொஞ்சம் தள்ளினாலே எழும்பிவிடும். எதிரெதிர் ஸ்க்ரூக்களில் ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கி 0.01 மி.மீ.க்குள் கொண்டுவந்தால் போதும். அதற்கு மேல் மல்லுக்கட்டுவது வீண். ஸ்பிண்டில் எப்போதும் ஒரே கோணத்தில் நின்றால் மீதியைக் காலிபிரேஷன் பார்த்துக்கொள்ளும். அப்படி நிறுத்தும் எம்19 கட்டளை இருந்தால் கவலையில்லை. இல்லாத மெஷினில் ஹோல்டரிலும் ஸ்பிண்டில் முனையிலும் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு முறையும் அதைச் சேர்த்துவைக்க வேண்டும்.

அடுத்தது ரிங் கேஜ், அதாவது உள்விட்டம் துல்லியமாகத் தெரிந்த வளையம். எக்ஸில் இரு சுவரையும் தொட்டு நடுவுக்குப் போய், ஒய்யில் அதேபோல் செய்து நடுவுக்குப் போய், மறுபடி எக்ஸைத் தொட வேண்டும். இந்த மூன்றாவது சுற்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒய்யில் விலகியிருந்தாலும் எக்ஸ் நடுப்புள்ளி சரியாகவே வரும், விட்டம்தான் குறையும். 30 மி.மீ. ரிங், 6 மி.மீ. குண்டு, ஒய்யில் 1 மி.மீ. விலகல் என்றால் விட்டம் 0.083 மி.மீ. குறைவாக வரும். அந்தப் பிழையோடு காலிபிரேஷன் போட்டால் பிறகு எடுக்கும் எல்லா விட்டத்திலும் அது ஒட்டிக்கொள்ளும்.

6 மி.மீ. குண்டுக்குக் காலிபிரேஷன் 5.98 என்று காட்டினால் பதற வேண்டாம். குண்டு தொட்ட பிறகும் ஸ்டைலஸ் சற்று வளைந்த பின்னரே மின்சுற்று திறக்கிறது. அந்தத் தூரத்தைக் கழித்த கணக்கு இது. 5.90 என்று காட்டினால் பேக்லாஷை, அதாவது டேபிளை நகர்த்தும் ஸ்க்ரூவில் திசை மாறும்போது வரும் வெற்று ஆட்டத்தை, தேடலாம். அந்த ஸ்க்ரூவை வைத்தே இடத்தைக் கணக்கிடும் மெஷினில் 0.04 மி.மீ. பேக்லாஷ், துளையை 0.04 பெரிதாகவும் வெளி அளவை 0.04 சிறிதாகவும் காட்டும். காலிபிரேஷன் இதையும் சேர்த்து விழுங்கிவிடுவதால் விட்டம் சரியாக வந்துகொண்டே இருக்கும். குட்டு உடைவது ஜீரோ (அளவின் தொடக்கப்புள்ளி) வைக்கும்போது. நடுப்புள்ளிக்கு ஒரு பக்கமிருந்து வந்து நிற்கையில் டேபிள் பாதி பேக்லாஷ், அதாவது 0.02 மி.மீ., தள்ளி நிற்கும்.

வேகத்தில் கஞ்சத்தனம் வேண்டும். கண்ட்ரோலர் புரோப்பை 1 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை பார்ப்பதாக வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 60 மி.மீ. ஃபீடில் அந்த இடைவெளி 1 மைக்ரான், 600 மி.மீ. ஃபீடில் 10 மைக்ரான். ஆகவே வேகமாக ஒருமுறை தொட்டுக் கண்டுபிடி, 1 மி.மீ. பின்வாங்கு, மெதுவாக மறுபடி தொடு. காலிபிரேஷன் போட்ட ஃபீடிலேயே ஜாப்பையும் தொட வேண்டும். தொடும்வரை நகரச் சொல்லும் கட்டளை லினக்ஸ்சிஎன்சி கண்ட்ரோலரின் ஜி38.2 ஆனாலும் ஃபேனக் கண்ட்ரோலரின் ஜி31 ஆனாலும், அச்சு நின்ற இடத்தை எடுக்கக் கூடாது. வேகம் தணிவதற்குள் அது தாண்டிப் போயிருக்கும். தொட்ட கணத்தின் இடம் #5061, #5062, #5063 என்ற மாறிகளில் இருக்கிறது. ஓட்டும் நிரலில் அதையே படிக்கவும்.

வயர் உள்ள புரோப் என்றால், தொடாதபோது மூடியிருக்கும் மின்சுற்றையே தேர்ந்தெடுக்கவும். வயர் அறுந்தால் "தொட்டுவிட்டது" என்று காட்டி மெஷின் நின்றுவிடும். மற்ற வகையில் ஸ்டைலஸ் ஒடியும்வரை தெரியாது. புரோப் மாட்டியிருக்கும்போது ஸ்பிண்டிலைச் சுழற்றும் எம்3 கட்டளை ஓடாதபடி பூட்டுவதும் இதே ரகம்.

ஜாப்பின் பிசிறு, கூலன்ட் படலம் எல்லாம் ஊதித் துடைத்த பிறகே தொட வேண்டும். கடைந்த சூட்டில் அலுமினியத்தை அளந்தாலும் ஏமாற்றும்: 100 மி.மீ. நீளம் 10 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.023 மி.மீ. கூடுதல்.

கடைசியில், 25 மி.மீ. கேஜ் பிளாக் (அளவு துல்லியமாகத் தெரிந்த கட்டை) ஒன்றை டேபிளின் நடுவிலும் இரு ஓரங்களிலும் வைத்து அகலம் அளந்து பார்க்கவும். நடுவில் மட்டும் அளவு குறைந்தால் அங்கே ஸ்க்ரூ தேய்ந்து பேக்லாஷ் கூடியிருக்க வாய்ப்பு அதிகம். ஜாப்பைப் பிடிக்கும் இடத்திலேயே ரிங் கேஜை வைத்து மறுபடி காலிபிரேட் செய்தால் விட்டங்களுக்கு அது போதும். ஜீரோவுக்கு எப்போதும் ஒரே பக்கமிருந்து வர வேண்டியதுதான்.