எழுந்து நிற்கச் சொன்ன கடிகாரம்

கல்லடிப் பாலத்து ஏற்றத்தைத் தன் கையாலேயே சக்கர நாற்காலியை உந்தி ஏறி முடித்த அத்தானின் கைக்கடிகாரம் அதிர்ந்தது. "எழுந்து நின்று கொஞ்சம் நடக்கவும்" என்றது திரை.

"தங்கச்சி, இது வைத்தியரைவிட நம்பிக்கையாகப் பேசுகிறது" என்று சிரித்தார்.

உள்ளங்கையில் காய்ப்பு. விரல்களில் சக்கர வளையத்தின் கறுப்பு. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கடிகாரத்துக்கோ அவர் நாள் முழுக்கச் சும்மா இருந்த மனிதர்!

இத்தகைய கருவிகள் பெரும்பாலும் நடப்பவர்களை மனதில் வைத்தே செய்யப்பட்டவை. ஆப்பிள் கடிகாரம் 2016இல்தான் காலடிக்குப் பதிலாகச் சக்கர உந்தல்களை எண்ணத் தொடங்கியது. அத்தானிடம் இருப்பது அதுவல்ல, மலிவான வேறொன்று.

எண்ணினாலும் சிக்கல் தீராது. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவரின் தசை குறைவதால், ஓய்வில் உடல் செலவிடும் சக்தியும் குறைகிறது. நடப்பவருக்கான கலோரிச் சூத்திரம் அங்கே பிழையாகிவிடும். காயம் மேல்முதுகிலோ கழுத்திலோ என்றால், எவ்வளவு உழைத்தாலும் இதயத்துடிப்பு அதற்கேற்ப ஏறாமல் போகலாம். சக்கரத்தில் உணரியைப் பொருத்தினால் தூரம் தெரியும், தள்ளியவர் அவரா, பின்னால் நின்ற நானா என்பது தெரியாது. (நான் தள்ள அவர் விடுவதே இல்லை, அது வேறு கதை.)

தார் வீதியில் ஓர் உந்தலும் எங்கள் மணல் ஒழுங்கையில் ஓர் உந்தலும் எண்ணிக்கையில் ஒன்றுதான். தோள்மூட்டைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்லும்.