டென்னிஸ் ஆடும் பிள்ளைகளின் தோளை அளந்து பார்ப்போம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துக் கிளப் திடலில் மாலை வேளைகளில் டென்னிஸ் பயிலும் பிள்ளைகளுள், போட்டிகளுக்குச் செல்பவர்களின் இரு தோள்களையும் நான் அவ்வப்போது அளந்து குறித்து வைக்கிறேன். ராக்கெட் பிடிக்கும் கை உள்பக்கம் திரும்ப மறுக்கிறது என்று தெரிந்ததும், "நல்லா இழுத்துவிட்டா சரியாயிடும்தானே, சார்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். இழுக்கும் முன் அளக்க வேண்டும் என்பதே என் பதில்.

டென்னிஸில் தோளை அதிகம் வருத்துவது, ஆட்டத்தைத் தொடங்கப் பந்தைத் தலைக்கு மேல் ஓங்கி அடிக்கும் சர்வ். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ஆடியவர்களின் சர்வை ஆராய்ந்தபோது, ஆண்களின் தோள் உள்நோக்கிச் சுழலும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2,400 பாகை என்று தெரியவந்தது. அவ்வளவு வேகத்தில் வரும் கையைப் பந்து பட்ட மறுகணமே பிடித்து நிறுத்துவது தோளின் பின்புறத் தசைகள்தாம். ஆண்டுக்கணக்கில் இப்படி நிறுத்தி நிறுத்தி அத்தசைகளும் மூட்டின் பின்புற உறையும் இறுகுகின்றன.

ஆனால், உள்சுழற்சி, அதாவது கை உள்பக்கம் திரும்பும் அளவு, குறைவதற்கு எலும்பும் காரணமாகலாம். பிறப்பில் பின்னோக்கி முறுகியிருக்கும் மேற்கை எலும்பு வளர வளர நேராகி வரும். சிறுவயது முதலே ஓங்கி அடிப்பவர்களுக்கு அது முழுமையாக நேராவதில்லை. அதனால் உள்சுழற்சி எவ்வளவு குறைகிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவு வெளிச்சுழற்சியில் கூடிவிடுகிறது. அதை எத்தனை முறை இழுத்தாலும் மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டியதில்லை.

அளக்கும்போது பிள்ளையை மல்லாந்து படுக்கவைத்து, மேற்கையைத் தோள் மட்டத்தில் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையை 90 பாகைக்கு மடிக்கச் சொல்வேன். ஒரு கையால் தோளின் முன்பக்கத்தை மெல்ல அழுத்திக்கொண்டு, மறு கையால் முன்கையைக் கால் பக்கமாகச் சாய்ப்பேன். உள்ளங்கைக்கு அடியில் தோள் எழும்பத் தொடங்கும் அந்த இடத்திலேயே நிறுத்திக் கோணத்தைப் படிக்க வேண்டும். அதைத் தாண்டினால் தோள்பட்டை எலும்பின் அசைவையும் சேர்த்துக் கணக்கிட்டுவிடுவோம். பிறகு தலைப் பக்கமாகச் சாய்த்து வெளிச்சுழற்சியை அளந்து, இரண்டையும் கூட்டுவேன்.

வலக்கையில் உள்ளே 45, வெளியே 110; இடக்கையில் உள்ளே 65, வெளியே 90 என்று வைத்துக்கொள்வோம். உள்சுழற்சி 20 பாகை குறைந்தாலும் இரு பக்கமும் கூட்டுத்தொகை 155தான். வலி இல்லையென்றால் நான் கவலைப்படுவதில்லை. வலக்கையில் உள்ளே 40, வெளியே 105 என்றிருந்தால் மொத்தத்தில் 10 பாகை குறைகிறது. கூட்டுத்தொகை 5 பாகைக்கு மேல் குறைந்தாலே கவனிக்க வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் பரவலாகக் கொள்ளப்படும் அளவு. ஆட்டம் முடிந்த கையோடு அளந்தால் தற்காலிக இறுக்கமே தெரியும் என்பதால், ஓய்வு நாளில்தான் அளக்கிறேன்.

இறுகிய தோளுக்கு, தோள்பட்டை எலும்பைச் சுவரில் பதித்துக்கொண்டு கையை மார்புக்குக் குறுக்கே இழுத்து 30 நொடி பிடிக்கும் பயிற்சியைத் தருகிறேன். பின்புறத்தில் இழுவை தெரியலாம். தோளின் முன்பக்கத்தில் குத்தினால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். சர்வ் வேகம் கூடும் என்று நம்பி, ஏற்கெனவே தளர்ந்த கையை இன்னும் பின்னால் வளைத்து இழுப்பதை நான் அறவே அனுமதிப்பதில்லை. வெளியே சுழற்றும் தசைகளின் பலம் உள்ளே சுழற்றும் தசைகளின் பலத்தில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும் என்பதால், ரப்பர் பட்டையை வெளிப்பக்கமாக மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடும் பயிற்சி மட்டும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு.